தரநிலை வந்துவிட்டது, செட்டுகள் இன்னும் பேசவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்படைகளும் வாங்கவிருக்கும் புதிய மென்பொருள் ரேடியோக்களை (உள்ளே ஏற்றும் மென்பொருளை மாற்றினாலே பேசும் முறையும் மாறிவிடும் வயர்லெஸ் செட்டுகளை) பற்றித் தங்கள் பெங்களூரு பதிப்பில் அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ராணுவம் என்றாலே ஏவுகணைப் படம், போர் விமானப் படம் என்று போடும் காலத்தில், முதுகில் சுமக்கும் வயர்லெஸ் செட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். எழுதியவரைப் பாராட்டுகிறேன்.

ஆனால் கடைசிப் பத்தியை அப்படியே விட மனம் வரவில்லை. 2025 அக்டோபரில் டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகமும் முப்படைகளும் சேர்ந்து இந்திய ரேடியோ மென்பொருள் கட்டமைப்பு 1.0 என்ற தரநிலையை வெளியிட்டன அல்லவா, அதனால் இனிமேல் எந்த நிறுவனம் செய்த செட்டும் எந்தச் செட்டோடும் பேசிவிடும் என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்தது. அப்படி நடக்காது. தரநிலை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மிகவும் தேவையான ஒன்று, தாமதமாகவாவது வந்ததே. ஆனால் அது தீர்க்கும் சிக்கல் வேறு, போர்க்களத்தில் இருப்பவனை வாட்டும் சிக்கல் வேறு.

நான் ராணுவ சிக்னல்ஸ் பிரிவில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவன். பிறந்த ஊர் வேலூர்ப் பக்கம். பென்ஷன் வந்த பிறகு பீன்யாவில் செட்டுகளுக்கு கேபிளும் ஹெட்செட்டும் செய்து தரும் சின்னத் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். இப்போது தாசரஹள்ளியில் பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு அழைத்து வருவதுதான் உத்தியோகம்.

கைபேசியை வைத்துச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். என் கையிலும் ஆண்ட்ராய்டு, பக்கத்து வீட்டுக்காரர் கையிலும் ஆண்ட்ராய்டு. என்னிடம் வாட்ஸ்அப் மட்டும் இருக்கிறது, அவரிடம் டெலிகிராம் மட்டும் இருக்கிறது. நான் அனுப்புவது அவருக்குப் போகுமா? போகாது. இரண்டு போன்களிலும் இரண்டையும் ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் யாராவது ஏற்ற வேண்டும், ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ரேடியோவில் அந்தச் செயலிக்கு வேவ்ஃபார்ம் என்று பெயர். அக்டோபரில் வந்த தரநிலை முக்கியமாகச் செய்வது, ஒரு செட்டுக்காக எழுதிய வேவ்ஃபார்மை இன்னொரு நிறுவனத்தின் செட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி பண்ணுவது. இதனால் பணம் மிச்சமாகும், ஒரே நிறுவனத்தின் பிடியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். எந்த வேவ்ஃபார்மை எல்லோரும் ஏற்ற வேண்டும் என்பது தனி முடிவு. அந்த முடிவை மேலே ஒருவர் எடுத்து, கீழே எல்லோரும் கேட்க வேண்டும். அது பொறியாளர்களின் கையில் இல்லை.

இரண்டு செட் ஒன்றோடொன்று பேச எத்தனை விஷயம் பொருந்த வேண்டும் என்று பாருங்கள். தரைப்படையின் சண்டை நெட் (ஒன்றோடொன்று பேசும் செட்டுகளின் கூட்டத்துக்கு நெட் என்று பெயர்) பொதுவாக 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸுக்குள் எஃப்.எம்.மில் ஓடும். விமானங்களின் ராணுவ ரேடியோ 225-லிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் ஏ.எம். சரி, இரண்டு பட்டையையும் பிடிக்கும் செட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அலைவரிசைத் தாவல். எதிரி ஒட்டுக்கேட்கவும் அடைக்கவும் முடியாதபடி செட் ஓயாமல் அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பழைய சிங்கார்ஸ் செட்டே நொடிக்கு 100 தடவைக்கு மேல் தாவும். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதற்கு 2,320 சேனல்கள். இரண்டு செட்டும் ஒரே நேரத்தில் ஒரே சேனலில் வந்து நிற்க வேண்டுமானால் தாவல் வரிசையும் நெட் எண்ணும் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் சில நொடி பிசகினாலே செட் நெட்டுக்குள் நுழையாது. பிறகு குரல். பழைய டிஜிட்டல் செட்டுகளில் பல, ஒரு நொடிக்கு 16,000 பிட் செலவழித்துக் குரலை அனுப்பும். புதியவற்றுக்கு 2,400 பிட்டே போதும். ஒன்று அனுப்புவது இன்னொன்றின் காதுக்கு வெறும் இரைச்சல். அதற்கும் மேலே சங்கேத முறை, அதற்குரிய சாவி, அதாவது பேச்சைப் பூட்டவும் திறக்கவும் செட்டில் ஏற்றும் ரகசிய எண். இவ்வளவும் பொருந்திய ஒரே கம்பெனி, ஒரே மாடல் செட்டுகள் இரண்டில்கூட, ஒன்றில் நேற்றைய சாவியும் இன்னொன்றில் இன்றைய சாவியும் ஏறியிருந்தால் கதை முடிந்தது.

இது ஒத்துப்போகாத இடத்தில் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு பெரிய பயிற்சி. கீழே காலாட்படை, மேலே ஹெலிகாப்டர். காலாட்படையின் செட்டில் ஹெலிகாப்டர் கேட்காது. விமானத்தோடு பேசும் தனி செட் பிரிகேடியருக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் ஒரு ஹவில்தார், பிகார்க்காரர், இடது காதில் ஒரு ஹேண்ட்செட், வலது காதில் ஒரு ஹேண்ட்செட். இங்கே கேட்டதை அங்கே சொல்ல வேண்டும், அங்கே கேட்டதை இங்கே. மடியில் ஒரு நோட்டு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். முதல் அரை மணி நேரம் அசத்தினார். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். வரைபட எண்ணில் 47 என்பது 74 ஆகிப் போய்ச் சேர்ந்தது. பயிற்சி என்பதால் நடுவர் குறித்துக்கொண்டதோடு சரி. அந்த ஹவில்தாரை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இரண்டு காதிலும் இரண்டு போர் நடக்கும்போது எவனால் எண்ணைச் சரியாக வைத்திருக்க முடியும்?

இதற்குப் பொறியாளர்கள் கண்ட மாற்று கேட்வே பெட்டி. ஒரு செட்டின் காதுக்கு வருவதை எடுத்து இன்னொரு செட்டின் மைக்குக்குள் கொடுக்கும் பெட்டி. மனிதன் செய்ததைப் பெட்டி செய்கிறது, அவ்வளவுதான். பீன்யாவில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளருக்காக இப்படி ஒன்றைச் செய்தோம். இரண்டு கம்பெனிகளின் செட்டுகள், இரண்டிலும் ராணுவத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஆறு ஊசி ஆடியோ சாக்கெட். ஏ என்ற ஊசி எர்த், பி காதுக்கு, சி பேசும் பட்டனுக்கு, டி மைக்குக்கு. பிளக் அழகாகப் பொருந்தியது. பொருந்தியதும் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு செட் எதிர்பார்த்த மைக் அளவு இன்னொன்று கொடுத்ததைவிடப் பல மடங்கு குறைவு, பேச்சு கரகரவென்று உடைந்தது. அதைச் சரிக்கட்டினோம். அடுத்து இரண்டு செட்டும் ஒன்றை ஒன்று எழுப்பிவிட ஆரம்பித்தன. முதல் செட் பேச்சை முடிக்கும்போது கடைசியில் வரும் சின்ன இரைச்சல், பெட்டிக்குப் பேச்சு மாதிரி தெரிகிறது. உடனே இரண்டாவது செட்டின் பட்டனை அழுத்துகிறது. அது முடியும்போது வரும் இரைச்சல் முதல் செட்டை எழுப்புகிறது. யாரும் பேசாமலே நெட் முழுக்கப் பிஸி. பேட்டரி தீரும் வரை இதே விளையாட்டு.

எழுந்திருக்கும் நேரம் என்று இன்னொன்று இருக்கிறது. பட்டன் அழுத்தியதும் செட் அனுப்பத் தொடங்க, சங்கேதம் ஒத்திசைய, கொஞ்ச நேரம் பிடிக்கும். பயிற்சி பெற்ற ஆபரேட்டர் பட்டனை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் பேசுவான். பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பேச்சு கேட்ட பிறகுதான் அதற்கே விழிப்பு வரும். ஆகவே முதல் சொல் விழுங்கப்படும். 'நோ ஃபயர்' என்பதில் 'நோ' போய்விட்டால் மறுமுனையில் என்ன கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல பெட்டிகளில் பேச்சைச் சிறிது நேரம் பிடித்து வைத்து அனுப்பும் வசதி உண்டு. அந்த வசதி வேண்டும் என்று டெண்டரில் எழுத வேண்டியது வாங்குபவர். எங்களிடம் வந்த காகிதத்தில் பிளக்கின் நிறம்வரை இருந்தது, இது இல்லை.

பாதுகாப்பில் பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஒரு செட்டின் சங்கேதத்தை அவிழ்த்து, வெறும் பேச்சாக்கி, மறு செட்டுக்குக் கொடுத்து, அங்கே மறுபடி பூட்டுகிறார்கள். அந்த நடுப்பெட்டிக்குள் எல்லாமே திறந்த பேச்சு. பெட்டி எதிரி கையில் சிக்கினால் அல்லது அதன் வயரில் யாராவது காது வைத்தால் இரண்டு நெட்டும் போச்சு. ஒரு பக்கம் உயர்ந்த ரகச் சங்கேதம், மறுபக்கம் சாதாரண ரகம் என்றால், உயர்ந்த பக்கம் பேசிய ரகசியம் சாதாரணப் பூட்டோடு காற்றில் போகும். பேசுபவருக்கு அது தெரியவே தெரியாது. கேட்வேயை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்வாக நினைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டுக்காரர்களும் இதில் நிறையச் சூடு பட்டிருக்கிறார்கள். 1983-ல் கரீபியன் தீவான கிரெனடாவில் படையோடு இறங்கியபோது அமெரிக்கத் தரைப்படைக்குக் கடலில் நின்ற சொந்தக் கப்பல்களோடு நேராகப் பேச முடியாமல் திண்டாட்டம். 1986-ல் அவர்கள் படைகளின் தலைமை அமைப்பையே சட்டம் போட்டு மாற்றியதற்கு இந்த மாதிரி அனுபவங்களும் காரணம். 1997-ல் ஜே.டி.ஆர்.எஸ். என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கினார்கள். எல்லாப் படைக்கும் ஒரே குடும்பத்து மென்பொருள் ரேடியோ என்பது கனவு. நம் புதிய தரநிலைக்கு அண்ணன் முறையான எஸ்.சி.ஏ. என்ற மென்பொருள் கட்டமைப்பு அங்கிருந்து வந்ததுதான். கட்டமைப்பு நிலைத்தது. ஆனால் வாகனங்களுக்கான செட்டை 2011-ல் ரத்து செய்தார்கள். எல்லா வேவ்ஃபார்மும் ஒரே பெட்டியில் என்று ஆசைப்பட்டதில் எடை கூடியது, சூடு கூடியது, விலை கூடியது.

ஐரோப்பாவில் எஸ்ஸார் என்ற திட்டம் வேறு வழியில் போனது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போலந்து, ஸ்வீடன், பின்லாந்து என்று ஆறு நாடுகள் தொடங்கியது. செட்டை அவரவர் செய்துகொள்ளட்டும், வேவ்ஃபார்ம் மட்டும் பொது என்றார்கள். பொது வேவ்ஃபார்மை எழுதித் தத்தம் நாட்டுச் செட்டுகளில் ஏற்றி, ஒன்றோடொன்று பேச வைத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்த வழிதான் நமக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நம்மிடமும் கம்பெனிகள் பல, படைகள் மூன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு கௌரவம்.

நம்மால் முடியாத வேலையும் இல்லை. இதே பெங்களூரில் ஜாலஹள்ளியில் 1954 முதல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. அவர்கள் செய்த ஸ்டார்ஸ்-5 செட்டை இன்றும் தோளில் சுமக்கிறார்கள். சி.வி. ராமன் நகரில் டி.ஆர்.டி.ஓ.வின் கெய்ர் ஆய்வகம் இருக்கிறது. அவர்களும் டேராடூனில் உள்ள டீல் ஆய்வகமும் கடற்படையும் சேர்ந்து உருவாக்கிய எஸ்.டி.ஆர்.-டாக் என்ற நான்கு சேனல் கப்பல் ரேடியோவுக்கு 2021 பிப்ரவரியில் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். தரைப்படையின் ஆகாஷ்தீர் விமான எதிர்ப்பு வலையமைப்பும் விமானப்படையின் வான்பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஐ.ஏ.சி.சி.எஸ்.ஸும் இணைந்து வேலை செய்ததை 2025 மே மாதம் நாடே பார்த்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவை கட்டுப்பாட்டு மையங்களை இணைக்கும் பெரிய அமைப்புகள், பின்னால் கேபிளும் ஜெனரேட்டரும் ஏர்கண்டிஷனரும் உண்டு. நான் பேசுவது சேற்றில் படுத்திருப்பவன் கையில் உள்ள செட்டைப் பற்றி. மேலே இணைந்துவிட்டது என்பதால் கீழேயும் இணைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பெங்களூரிலேயே ஒரு சோதனைக் கூடம் வேண்டும், விற்பவருக்கும் வாங்கும் படைக்கும் கட்டுப்படாத கூடம். எந்தக் கம்பெனி செட் கொண்டு வந்தாலும், ஏற்கெனவே படையில் இருக்கும் மற்ற எல்லாச் செட்டுகளோடும் ஜோடி ஜோடியாக வைத்துக் காற்றில் பேச வைக்க வேண்டும். மேஜை மேல் கேபிளால் இணைத்துப் பேச வைப்பது கணக்கில் வராது. ஜீப்பில் வைத்து, எஞ்சின் ஓட, பக்கத்தில் இன்னொரு செட் முழு சக்தியில் அனுப்பிக்கொண்டிருக்க, பேட்டரி பாதி தீர்ந்த நிலையில் பேச வேண்டும். இயக்குபவர் கம்பெனியின் எஞ்சினியராக இருக்கக் கூடாது. இங்கே அல்சூரில் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் இருக்கும் நம் தம்பிகளில் புதிதாகச் சேர்ந்த ஒருவனை உட்கார வைத்து, அவனே சாவி ஏற்றி, அவனே நெட்டில் சேர வேண்டும். தேறினால்தான் ஆர்டர். அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபோர்ட் ஹுவாச்சுகாவில் இதற்கென்றே ஒரு கட்டளையகம் வைத்திருக்கிறார்கள். நம் புதிய தரநிலையிலும் சான்றளிப்பு பற்றிப் பேசப்பட்டிருக்கிறது, நல்லது. அந்தச் சான்று, மென்பொருள் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. சாதாரணத் தொலைத்தொடர்புச் சாதனங்களை விற்கவே கட்டாயச் சோதனை என்று விதி இருக்கிறது. அவற்றின் பாதுகாப்பைச் சோதிப்பதற்கான தேசிய மையமும் இதே பெங்களூரில்தான். ராணுவ செட்டுக்கு அதைவிடக் கறாராக இருக்க வேண்டாமா?

பொது வேவ்ஃபார்மின் மூலநிரல் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கம்பெனிகள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் சம்பாதிப்பதே அதில்தான். அவர்களுடைய தனி வேவ்ஃபார்மைத் தனியாக விற்கட்டும், யார் வேண்டாம் என்றது?

எல்லோருக்கும் ஒரே வேவ்ஃபார்ம் என்றால் எதிரி ஒன்றை உடைத்தால் போதுமே என்று என் பழைய நண்பர் ஒருவர், அவரும் சிக்னல்ஸ்காரர், போனில் சண்டைக்கு வந்தார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. வேகமாகப் பறக்கும் விமானத்துக்கும், காட்டில் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே பொருந்தாது என்பதும் உண்மை. ஆகவே மூன்றோ நான்கோ இருக்கட்டும். ஆனால் ஒருவருக்கொருவர் உதவி கேட்க வேண்டிய இரண்டு பேரிடம் குறைந்தது ஒன்றாவது பொதுவாக இருக்க வேண்டும். ரகசியத்தைக் காப்பது சாவி. வேவ்ஃபார்மை மறைத்து வைத்துப் பாதுகாப்புத் தேட முடியாது. அவரும் கடைசியில் சாவி விஷயத்தில்தான் வந்து நின்றார். மூன்று படையும் தனித்தனியாகச் சாவி தயாரித்து, தனித்தனி நேரத்தில் மாற்றினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டும் ஊமைதான். அந்தமான் நிக்கோபாரில் 2001 முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் இயங்குகிறது. பொதுச் சாவி, பொது அலைவரிசைத் திட்டம் இரண்டையும் அன்றாட வழக்கமாக்கி நடத்திப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

பழைய செட்டுகளை மறந்துவிடக் கூடாது. ராணுவத்தில் ஒரு செட் வந்தால் இருபது முப்பது வருடம் ஓடும். புதியது எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் முன் அதுவும் பழசாகிவிடும். புதிய செட் ஒவ்வொன்றும் பழைய செட்டின் சாதாரண எஃப்.எம்.மில் இறங்கி வந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டு இல்லாத பேச்சுதான், எதிரியும் கேட்பான். ஆனாலும் காயம்பட்டவனைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டுமே.

இதெல்லாம் எல்லையில் இருப்பவர்கள் பாடு என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது செல்போன் சேவை படுத்துவிட்டது. அப்படிப்பட்ட நாளில் ராணுவம், அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை, தீயணைப்பு, போலீஸ், கடலோரக் காவல்படை என்று எல்லோரும் ஒரே தெருவில் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு செட். 2001-ல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் எரிந்தபோது, மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கோபுரத்தின் நிலைமை மோசமாவதைப் பார்த்து எச்சரித்தார்கள். போலீஸ் ரேடியோவில் சொன்னது உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோவுக்கு வரவில்லை. அன்றைக்கு இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். எல்லோருமே ரேடியோவால் இறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த நாளில் தவறிப்போனவை பல. ஆனால் விசாரணைக் குழுவே எடுத்துச் சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று.

கடைசியாக, தங்கள் நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எலஹங்காவில் ஏரோ இந்தியா நடக்கும்போது அவர் எப்படியும் போவார். ரேடியோ விற்கும் ஸ்டால்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டாலிலும் எங்கள் செட் எல்லாவற்றோடும் பேசும் என்று பளபளப்பான காகிதம் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, பக்கத்து ஸ்டாலைக் காட்டி, அந்தச் செட்டோடு இப்போது சங்கேதப் பூட்டு போட்டுப் பேசிக் காட்டுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் தங்கள் நாளிதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயப் சுபேதார், சிக்னல்ஸ் பிரிவு,
தாசரஹள்ளி, பெங்களூரு.